பழைய ஊருக்குப் புது வண்டி: எந்த வாசலில் இறக்கிவிட வேண்டும்?

மழைக்குடை (இழையைத் தொடங்கியவர்)

பத்து வருடம் முன்பு அம்மாவை ஒரு மலைக்கோட்டைக்கு அழைத்துப் போனேன். பஸ் அடிவாரத்தோடு சரி, அப்புறம் படிதான். நாற்பது படி ஏறுவதற்குள் அம்மாவின் முழங்கால் மக்கர் பண்ணியது. "நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கறேன்" என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம் கழித்து நாங்கள் இறங்கி வந்ததும், கேமராவின் தீப்பெட்டி அளவுத் திரையில் கோட்டையைப் பார்த்துக்கொண்டார்.

போன மாதம் மறுபடி அங்கே போனோம். ரயிலடியிலிருந்து குளிர்சாதன பஸ், அடிவாரத்தில் பேட்டரி கார், மேலே கைப்பிடி வைத்த சாய்தளம், நடுநடுவே உட்காரத் திண்ணை. அம்மா மதில்மேல் நின்று கீழே விரிந்த ஊரைப் பார்த்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் அறைக்குத் திரும்பியதும் அவர் சொன்னது இது: "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கோட்டைக்குள்ள நுழைஞ்ச மாதிரியே இல்லடி."

அன்றிலிருந்து இது மண்டையைக் குடைகிறது. வரலாற்று இடங்களுக்குப் புதுப் போக்குவரத்தும் வசதிகளும் வந்ததில் நமக்குக் கிடைத்தது என்ன, கைவிட்டுப் போனது என்ன? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

---

ரயில்பைத்தியம்

கிடைத்ததுதான் அதிகம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெயருக்கேற்றபடி ரயிலிலிருந்தே தொடங்குகிறேன்.

லாவோஸில் தலைநகர் வியந்தியானிலிருந்து பழைய அரச நகரமான லுவாங் பிரபாங்குக்கு முன்பெல்லாம் மலைப்பாதையில் ஒரு பகல் முழுக்கக் குலுங்க வேண்டும். 2021 டிசம்பரில் லாவோஸ்–சீனா ரயில் ஓடத் தொடங்கியது. இப்போது சுமார் இரண்டு மணி நேரம். அந்தப் பகல் முழுவதும் நம் கையில் மிச்சம்.

அதைவிட எனக்குப் பிடித்தது, போக்குவரத்தே வரலாற்றைத் தோண்டி எடுத்துத் தருவது. இஸ்தான்புல்லில் பாஸ்பரஸ் நீரிணைக்கு அடியில் போகும் மர்மராய் ரயிலுக்காகத் தோண்டப்போய், யெனிகாபி என்ற பகுதியில் பைசாந்தியப் பேரரசுக் காலத் துறைமுகமே அகப்பட்டது. 37 கப்பல்களின் மிச்சம்! திட்டம் வருடக்கணக்கில் தள்ளிப்போய் 2013 அக்டோபர் 29-இல்தான் திறந்தார்கள். கிரேக்கத்தின் தெசலோனிகி மெட்ரோ இன்னும் மோசம், 2006-இல் தொடங்கி 2024 நவம்பர் 30 வரை இழுத்தது. ஊர்க்காரர்களுக்கு மெட்ரோ என்றாலே கேலிப்பேச்சாகிவிட்டது. ஆனால் வெனிசெலு நிலையத்தில் இறங்கினால், பளிங்கு பாவிய பழைய ராஜவீதி நிலையத்துக்குள்ளேயே கிடக்கிறது. அதைத் துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்து, நிலையம் கட்டியபின் திரும்பக் கொண்டுவந்து பதித்தார்கள்.

ரோமில் மெட்ரோ சி லைனின் சான் ஜொவான்னி நிலையம் 2018-இல் திறந்தது. படி இறங்க இறங்கச் சுவரில் காலம் பின்னோக்கிப் போகும். எந்த ஆழத்தில் எந்தக் காலத்து மண் என்று குறித்திருப்பார்கள். பிளாட்ஃபாரத்துக்குப் போகிறவன் தெரியாத்தனமாக வரலாற்றுப் பாடம் படித்துவிட்டுப் போகிறான். இதை எந்த மாட்டுவண்டி தரும்?

---

பழங்கல்

மாட்டுவண்டி வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லையே, பைத்தியம் சார். நீங்கள் சொன்னதெல்லாம் பொறுமையாகச் செய்த வேலைகள். பொறுமை இல்லாமல் செய்ததும் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நெரிசலைக் குறைக்கிறோம் என்று பள்ளத்தாக்கின் குறுக்கே நாலுவழிப் பாலம் கட்டினார்கள். 2009-இல் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். ஊர் மக்கள் வாக்கெடுப்பில் பாலம்தான் வேண்டும் என்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே வந்து சொல்வீர்கள்.

மழைக்குடை, உங்களிடம் ஒரு கேள்வி. அந்த பேட்டரி கார் அம்மாவை எங்கே இறக்கிவிட்டது?

---

மழைக்குடை

பின்பக்கம். மதில் இடிந்திருந்த ஓர் இடத்தைச் சமன்செய்து தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள். அது வழியாக நேரே உள்ளே போய் டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

---

பழங்கல்

நினைத்தேன்.

கோட்டைக்கு வாசல் என்பது சும்மா ஓட்டை இல்லையே. பாதை நேராக வந்து கதவில் முட்டாது, கதவுக்கு முன்னால் சட்டென்று வளையும். யானை ஓடிவந்து மோத வேகம் கிடைக்கக் கூடாது என்பதற்காக அப்படி. கதவில் நெற்றி உயரத்துக்கு இரும்பு முள். வளைவில் திரும்பும் நேரத்தில் மேலேயிருந்து அம்பும் கல்லும் விழும். உள்ளே வருகிறவன் இரண்டு மூன்று தடவை சிறுத்துப்போய்த்தான் வரவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது அது. உங்கள் அம்மா அந்த வாசலையே பார்க்கவில்லை. இடிந்த மதில் வழியாக உள்ளே போவது எதிரி ஜெயித்தபின் போகிற வழி. அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

வண்டியைக் குறை சொல்லவில்லை. வண்டி எந்த வழியில் போகிறது, எங்கே நிற்கிறது என்பதை முடிவு செய்தவருக்கு அந்த இடம் எப்படி வேலை செய்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் சரியாகச் செய்த இடம் வேண்டுமென்றால் பிரான்ஸின் மோன் சென் மிஷேல். கடலுக்குள் பாறைமேல் மடாலம். 1879-இல் அதற்கு ஒரு மேட்டுச்சாலை போட்டார்கள். சாலை கடல் நீரோட்டத்தை மறித்ததில் மணல் சேர்ந்து சேர்ந்து தீவு தரையோடு ஒட்டப் பார்த்தது. கார்கள் மடாலத்துக் காலடியிலேயே நிற்கும். 2014-இல் அந்தச் சாலைக்குப் பதிலாகத் தூண்கள்மேல் மெல்லிய பாலம் கட்டி, பழைய மேட்டை அகற்றினார்கள். வாகன நிறுத்தம் இரண்டரை கிலோமீட்டர் தள்ளிக் கரையில். அங்கிருந்து பஸ். பாலம் நேராகப் போகாமல் லேசாக வளைந்து போவதால் மடாலம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி முகம் காட்டும். பஸ்ஸும் வாசல்வரை போகாது, சில நூறு மீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். பெரிய அலை வரும் நாளில் தீவு மறுபடி தீவாகிறது.

அந்த பஸ் ஒரு வேடிக்கை. இரண்டு முனையிலும் ஓட்டுநர் இருக்கை உண்டு. பாலத்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை. ஓட்டுநர் இறங்கி, பின்பக்கம் போய் உட்கார்ந்து, அதை முன்பக்கம் ஆக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

---

சக்கரவர்த்தி

படித்துக்கொண்டே வந்தேன். "வாசலில் சிறுத்துப்போய் நுழையணும்", "சில நூறு மீட்டர் நடக்கணும்". அழகாக எழுதுகிறீர்கள். நான் சக்கர நாற்காலிக்காரன், புனைபெயரின் காரணமே அதுதான். உங்களுக்கு அந்தச் சில நூறு மீட்டர் கவிதை. எனக்கு அது கருங்கல் பாவிய தரை. முன்சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் உடம்பு முன்னால் போகும், நாற்காலி அங்கேயே நிற்கும். ஒருமுறை நெற்றியில் மூன்று தையல்.

ஏதென்ஸில் பழைய பளிங்குக் கோயில்கள் நிற்கும் அக்ரோபொலிஸ் குன்றில் 2020 டிசம்பர் 3-இல் புது சாய்வு லிஃப்ட் திறந்தார்கள், மாற்றுத்திறனாளிகள் நாளன்று. மேலே கான்கிரீட் நடைபாதையும் போட்டார்கள். உடனே உலகம் முழுக்க ஓலம், பளிங்குக் கோயில் மலையில் சிமென்ட் ஊற்றிவிட்டார்களாம். அழகு குறைந்தது என்று சிலர் சொன்னதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்பு 2004-இல் வைத்த லிஃப்ட் பழுதாகி நின்றபோதெல்லாம் கீழே காத்துக்கிடந்தவர்களுக்காக இவ்வளவு பெரிய ஓலம் எழவில்லை.

வசதி என்ற பெயரில் செய்த கேலிக்கூத்தும் உண்டு. வெனிஸில் பெரிய கால்வாயின் மேல் 2008-இல் ஒரு நவீனப் பாலம் திறந்தார்கள். கண்ணாடிப் படிகள். இருபத்தோராம் நூற்றாண்டுப் பாலத்தில் நாற்காலி ஏற வழி இல்லை! பிறகு முட்டை வடிவத்தில் ஒரு கூண்டை ஓரமாக மாட்டினார்கள். அது நத்தை வேகம், அடிக்கடி பழுது, வெயிலில் உள்ளே அடுப்பு. கடைசியில் 2020-இல் கழற்றியே விட்டார்கள். நடப்பவர்களும் அந்தக் கண்ணாடியில் வழுக்கி விழுந்தார்கள் என்பது தனிக் கதை.

எனக்கு வேண்டியது தனி வழி, பின்வழி, கூண்டு வழி எதுவும் இல்லை. உங்களோடு அதே வாசலில் நுழைய வேண்டும். பழங்கல் சொன்ன அந்த வளைவும் இரும்பு முள்ளும் எனக்கும் வேண்டும். நடந்தால்தான் கிடைக்கும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

---

பழங்கல்

ஏற்றுக்கொள்கிறேன். நடை என்று எழுதியது என் கால் நன்றாக இருக்கும் திமிர். மோன் சென் மிஷேலிலும் பாலம்வரை சமதளம், அதற்குப் பிறகு மடாலம்வரை செங்குத்துத் தெருவும் படியும்தான் என்பதை எழுதாமல் விட்டேன்.

---

நிழல்தேடி

எல்லோரும் ரயில், லிஃப்ட், பாலம் என்று பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள். நான் கழிவறையைப் பற்றிப் பேசுகிறேன். சிரிக்காதீர்கள்.

கல்லூரிக் காலத்தில் ஒரு குகைக் கோயில் பார்க்கப் போனோம். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே சுற்றினோம், ஏனென்றால் போக இடம் கிடையாது. மதியத்துக்குள் இரண்டு பேருக்குத் தலைசுற்றல். அங்கே என்ன சிற்பம் இருந்தது என்று இன்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எண்ணிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது பல இடங்களில் கட்டிவிட்டார்கள், வாழ்க. ஆனால் கட்டியவர் ஒருநாளும் பெண்கள் பக்கம் உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்பது பார்த்ததுமே தெரியும். கதவுக்குப் பின்னால் கொக்கி இருக்காது. தரை முழுக்க ஈரம். கைப்பையைப் பல்லில் கடித்துக்கொண்டு, துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஒரு கையால் தாழ்ப்பாள் இல்லாத கதவைப் பிடித்துக்கொண்டு... மீதியை எழுத வேண்டாம். கோடி கோடியாகச் செலவழித்த "பார்வையாளர் மைய"த்தில் ஒரு கொக்கி அடிக்க ஆள் இல்லை.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் கட்டினால் சமம் ஆகிவிடாது என்பதையும் யாராவது அவர்களுக்குச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் நீளும் வரிசையைப் பார்த்தாலே புரியும்.

அப்புறம் நிழல். கல் இரவுவரை சூட்டை விடாது. மரம் வைக்க முடியாத இடத்தில் ஒரு துணிப்பந்தலாவது போடலாம். கொக்கி, நிழல், தண்ணீர்க் குழாய். இந்த மூன்றும் சரியாக இருந்தால் நான் பாதி தூரம் நடந்தே வருவேன், உங்கள் பேட்டரி கார் எனக்கு வேண்டாம்.

---

திண்ணைக்குரல்

கொக்கி பதிவுக்கு ஆயிரம் விருப்பக்குறி. வீட்டில் படித்துக் காட்டினேன், மனைவி எழுந்து நின்று கைதட்டினார்.

---

பழைய வழிகாட்டி

இருபத்திரண்டு வருடம் ஒரு பாரம்பரியத் தலத்தில் வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் சொன்னால் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் இடத்தைச் சொல்லவில்லை.

வண்டி வருவதற்கு முன்பு ஆட்கள் சாரைசாரையாக வருவார்கள். வேகமாக நடப்பவர் முன்னால், குழந்தையோடு வருபவர் பின்னால். இடைவெளி தானாக உண்டாகும். ஒரு சிற்பத்தின் முன் எட்டுப் பேர் நிற்பார்கள், அவர்கள் நகர்ந்ததும் அடுத்த எட்டு. பேட்டரி வண்டிகள் வந்தபின் வரிசையாக ஐந்து வண்டி சேர்ந்து வந்து ஐம்பது பேரை ஒரே நேரத்தில் கொட்டும். ஐம்பது பேரும் அதே சிற்பத்தின் முன். கடைசி வரிசையில் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் போன் திரைதான் தரிசனம். பத்து நிமிடத்தில் அத்தனை பேரும் கலைந்துபோய், இடம் காலியாகக் கிடக்கும். மறுபடி ஐம்பது.

ஆகவே வசதி வந்ததால் கூட்டம் கூடியது என்று பொதுவாகச் சொல்வதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். எங்கள் இடத்தில் தொந்தரவு தலைக்கணக்கில் இல்லை. ஆட்கள் மொத்தமாக வந்து விழுவதில் இருந்தது. மேலதிகாரியிடம் சொன்னேன்: ஐந்து வண்டி சேரும்வரை காக்காமல் நிரம்ப நிரம்ப ஒவ்வொன்றாக அனுப்புங்கள் என்று. ஒரு வருடம் கழித்துச் செய்தார்கள். ஒரு பைசா செலவில்லை. அக்ரோபொலிஸில் 2023 செப்டம்பரிலிருந்து மணிக்கு மணி நேரம் குறித்த டிக்கெட், நாளுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்ததும் இதே கணக்குதான்.

இன்னொன்று. ஜோர்டானில் பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவுக்குள் போக சீக் என்ற குறுகலான பாறைப் பிளவு இருக்கிறது, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். குதிரை வண்டிகள்தான் அதில் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது மின்வண்டி. குதிரைகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கு நிம்மதி. ஆனால் எந்த ஊரிலும் இப்படி மாறும்போது பழைய வண்டிக்காரர் புது வண்டியின் ஓட்டுநர் ஆகிறாரா, அல்லது வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறாரா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான். எங்கள் இடத்தில் பல்லக்குத் தூக்கிக்கொண்டிருந்த ஆறு பேரில் இருவருக்குத்தான் ஸ்டியரிங் கிடைத்தது.

---

ரயில்பைத்தியம்

வழிகாட்டி ஐயா, வண்டியை ஒவ்வொன்றாக அனுப்பும் யோசனையில் நான் விழுந்துவிட்டேன். ரயில்வேயில் இதற்குத் தனிப் படிப்பே இருக்கிறது.

என் கட்சியிலிருந்து ஒரு படி இறங்கி வருகிறேன். ஜப்பானின் கியோட்டோவில் சுற்றுலாப் பயணிகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று மலிவான ஒருநாள் பஸ் பாஸ் வைத்திருந்தார்கள். விளைவு, கோயில்களுக்குப் போகும் நகரப் பஸ்களில் பெட்டியும் பையுமாகப் பயணிகள் நிரம்பி, மருத்துவமனைக்குப் போகும் உள்ளூர்ப் பாட்டிக்கு ஏற இடமில்லை. கடைசியில் 2023-இல் அந்தப் பாஸின் விற்பனையை நிறுத்தி, சுரங்க ரயிலும் சேர்ந்த பாஸை வாங்கச் சொன்னார்கள். 2024-இல் பயணிகளுக்கென்றே தனி விரைவு பஸ்ஸும் விட்டார்கள். வந்துபோகிறவனுக்குச் செய்த வசதி அங்கேயே வாழ்கிறவரின் இருக்கையைப் பிடுங்கிவிட்டால் அது என்ன வசதி?

---

திண்ணைக்குரல்

நெறியாளர் கவனத்துக்கு: ரயில்பைத்தியம் பஸ்ஸைப் பற்றிப் பேசிய தேதியைக் குறித்துவைக்கவும்.

---

சக்கரவர்த்தி

ஒரே வாசல் சாத்தியமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். இங்கேயே சொல்கிறேன். இத்தாலியில் பெருஜியா குன்றின்மேல் இருக்கும் ஊர். 1540-களில் மூன்றாம் பவுல் போப்பாண்டவர் தன்னை எதிர்த்த குடும்பத்தின் வீடுகள்மேலேயே ஒரு கோட்டையைக் கட்டினார். தெருக்கள் அப்படியே அடியில் புதைந்தன. பின்னால் மக்கள் கோட்டையை இடித்தார்கள். 1983-இல் கீழிருந்து ஊருக்கு எஸ்கலேட்டர் வைத்தபோது அதை அந்தப் புதைந்த தெருக்கள் வழியாகவே கொண்டுபோனார்கள். அலுவலகம் போகிறவர்கள் தினமும் தலைக்குமேல் செங்கல் வளைவுகள் இருக்க, இடைக்காலத் தெருவின் ஊடே ஏறிப்போகிறார்கள். சீக்கிர வழியும் வரலாற்று வழியும் அங்கே ஒன்றேதான். எஸ்கலேட்டரில் என் நாற்காலி ஏறாது என்பது வேறு விஷயம், ஆனால் யோசனை எனக்குப் பிடித்தது.

---

நிழல்தேடி

இங்கிலாந்தின் பழங்காலக் கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு சாலை கற்களை உரசிக்கொண்டே போகும். 2013-இல் அந்தச் சாலையை மூடிப் புல் விதைத்தார்கள். பார்வையாளர் மையம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. பஸ்ஸும் உண்டு, புல்வெளியில் நடந்தும் போகலாம். ஆனால் இன்னொரு பக்கத்தில் பெரிய நெடுஞ்சாலை இன்னும் இரைந்துகொண்டுதான் இருக்கிறது. அதைச் சுரங்கத்துக்குள் இறக்கும் திட்டத்தைப் பல வருடம் பேசிவிட்டு 2024-இல் கைவிட்டார்கள். சுரங்கமே பாரம்பரியத்தைக் கெடுக்கும் என்று ஒரு கட்சி, சாலைதான் கெடுக்கிறது என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் கற்களின் மேல் உள்ள அன்பால்தான் சண்டை போட்டார்கள்.

(நடந்தும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம் என்பதுதான் எனக்கு முக்கியம். எங்கள் வீட்டில் பாதிப் பேர் நடப்பவர்கள், பாதிப் பேர் உட்காருபவர்கள்.)

---

மழைக்குடை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இந்த இழை முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொக்கி விஷயத்தில் "அந்தப் பொண்ணு யாரு, எனக்குப் பேசணும்" என்றார். நிழல்தேடி, தயாராக இருங்கள்.

யானை, வளைவு, இரும்பு முள் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடி படிக்கச் சொன்னார். "அந்தக் கதவு எங்க இருக்கு?" என்றார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பேட்டரி கார் போகும் தார்ச்சாலை அந்த வாசலுக்கு நூறடி பக்கத்தில்தான் வளைந்து மேலே திரும்புகிறது. அங்கே நிறுத்தம் இல்லை, அவ்வளவுதான்.

உடனே அந்தக் கோட்டையின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவரிடம் வாசலருகே வண்டி நிற்குமா என்று கேட்டேன். "அங்க யாரும் எறங்க மாட்டாங்களே மேடம்" என்றார். நிறுத்தமே இல்லாத இடத்தில் எப்படி இறங்குவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "காலைல முதல் வண்டின்னா டிரைவர்கிட்ட சொல்லிப் பாக்கறேன்" என்றார்.

அடுத்த மாதம் போகிறோம், முதல் வண்டிக்கு. நூறடி சமதளம்தானா, கல் பாவியதா என்று சக்கரவர்த்திக்காக அளந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார் அம்மா. டேப்பைப் பையில் வைத்தாயிற்று.

---

சக்கரவர்த்தி

கல்லுக்குக் கல் இடைவெளியையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு விரல் நுழைந்தால் என் முன்சக்கரம் மாட்டும்.